அங்கீகரிக்கப்பட்ட காது

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், திவ்யசுகம் மோட்டார்ஸ் சேவை மையம் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் காற்று முகத்தில் அடிக்கும். எதிர்ச்சுவரில் ஒரு வாசகம்: ‘எங்கள் வாகனங்கள் பழுதடைவதில்லை.’ முதல் தடவை அதைப் படித்தபோது சென்றாயனுக்குப் பெருமையாக இருந்தது. பிற்பாடுதான் முழு அர்த்தமும் விளங்கியது. நீங்கள் எந்தப் பழுதைக் கொண்டுபோனாலும் அது பழுதே இல்லை என்று நிரூபித்து உங்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே அந்தக் கட்டடத்தைக் கட்டியிருந்தார்கள்.

சென்றாயன் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு போடுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரே மகள் சுகன்யாவை ஆட்டையாம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு முடிவு எடுத்தார். தலைப்பிரசவத்துக்கு மகளை வாடகை வண்டியில் கூட்டிவரக் கூடாது. சொந்தக் காரில்தான் கூட்டிவர வேண்டும். எடுத்த முடிவோடு சும்மா இருந்திருக்கலாம். ஊர் முழுக்கச் சொன்னார். சம்பந்தி வீட்டில் போய் இரண்டு தடவை சொன்னார்.

கார் கொடுக்கும் சடங்கு திவ்யசுகத்தில் கல்யாணம் மாதிரி நடக்கும். காருக்கு மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். ஊழியர்கள் வரிசையாக நின்று கை தட்டுவார்கள். கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காய். அதற்குள் குங்குமமும் சில்லறையும் போட்டு, சேவை மேலாளர் பாலசுந்தரமே தன் கையால் உடைப்பார். மற்ற ஊர்களில் பூசணிக்காயை முச்சந்தியில் உடைப்பார்கள். திவ்யசுகத்தில் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உடைக்க வேண்டும். போட்டோவில் சக்கரமும் பூசணியும் சேர்ந்து விழ வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. சக்கரம் அழகாகத் தெரிய அதை ஒரு பக்கமாகத் திருப்பியும் வைக்க வேண்டும்.

பாலசுந்தரம் ஓங்கி உடைத்தார். குங்குமம் சென்றாயனின் வேட்டிவரை தெறித்தது. போட்டோ நன்றாக வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் முதல் வேகத்தடையிலேயே முன்பக்கம் ‘கிணிங்’ என்றது. அடுத்ததில் இன்னொரு கிணிங்.

பின்சீட்டில் இருந்த அவர் மனைவி ஆராயி காதைத் தீட்டினாள். “ஏனுங்க, யாரோ உண்டியலக் குலுக்குறாப்ல இருக்குதுங்களே?”

“புது வண்டி. அப்புடித்தான் இருக்கும்” என்றார் சென்றாயன். அவருக்கும் உள்ளூர ஒரு மாதிரிதான் இருந்தது.

மறுவாரம் சேவை மையத்துக்குப் போனார். வரவேற்பு மேசையில் நான்சி என்ற பெண் இருந்தாள். மரியாதையான பெண். கம்ப்யூட்டரைத் தட்டி, “எந்த மாதிரி சத்தம் சார்?” என்று கேட்டாள்.

“உண்டியலக் குலுக்குறாப்லீங்க சாமி.”

நான்சி திரையை மேலும் கீழும் தேடினாள். “உண்டியல் இல்ல சார். டொக், கிரீச், உய், கர். இந்த நாலுதான் இருக்கு. இதுல ஒண்ணு சொல்லுங்க.”

“இதுல எதுவும் இல்லீங்களே.”

“அப்ப புகார் பதிய முடியாது சார்.”

யோசித்துவிட்டு, இருப்பதில் ஒன்றைச் சொல்லி வைப்போம் என்று ‘டொக்’ என்றார். இடதா வலதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்பதும் திரையில் இல்லை. இடது என்று அழுத்தினாள்.

சத்தம் இருக்கிறது என்று முடிவு செய்ய அந்த மையத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம் உண்டு. பாலசுந்தரம் சென்னைக்குப் போய்ப் பயிற்சி பெற்று ‘அங்கீகரிக்கப்பட்ட காது’ என்ற தகுதியை வாங்கி வந்திருந்தார். அதற்கு அடையாளமாகச் சட்டைப் பையின்மேல் காது வடிவத்தில் பித்தளை வில்லை ஒன்றைக் குத்தியிருந்தார். மற்றவர் காதில் விழுந்தது கணக்கில் வராது. அந்தக் காதும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே கேட்கும்.

சென்றாயன் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். பாலசுந்தரம் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மையத்தைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரையில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். அந்தத் தரையில் கேரம் ஆடலாம். அவ்வளவு வழவழப்பு.

“சத்தம் இல்ல” என்று கண்ணைத் திறந்தார்.

“மேடு பள்ளத்துல போனா வருமுங்க.”

“எங்க வளாகத்துல மேடு பள்ளம் கிடையாது சார். நாங்க ஒரு தரமான நிறுவனம்.”

“ரோட்டுல கொஞ்சம் வந்து பாருங்களே.”

பாலசுந்தரம் அவரைப் பரிவோடு பார்த்தார். “ரோடு எங்களோடது இல்ல சார். ரோட்ல வர்ற சத்தத்துக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?”

மறுநாள் நான்சி போனில் கூப்பிட்டாள். “வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? வண்டி நல்லா இருக்குங்களா?”

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் யாராவது நலம் விசாரித்தால், முதலில் ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம். கூரை பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் விசாரித்தவரிடம் ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்க் குடம் கேட்போம். எடுத்த எடுப்பிலேயே குறை சொல்வது இங்கே மரியாதையில்லை.

“நல்லாருக்குதுங்க சாமி” என்றார் சென்றாயன். “ஆனா அந்தச் சத்தம்…”

“நல்லா இருக்குன்னு அழுத்திட்டேன் சார்” என்றாள் நான்சி. அவளிடம் இருந்தவை இரண்டே பொத்தான்கள்: நல்லா இருக்கு, நல்லா இல்லை. முதலாவதை அழுத்திவிட்டால் புகார் முடிந்துவிடும். பத்துக்குப் பத்து மார்க் விழும்.

அடுத்த முறை போனபோது, காதுக்குக் கேட்காவிட்டாலும் பதிவில் டொக் இருக்கிறதே என்று அதற்கு வைத்தியம் செய்தார்கள். முன்சக்கரத்தோடு சேர்ந்த ஒரு கம்பியைக் கழற்றிப் புதிது போட்டார்கள். திரும்பி வரும்போது கிணிங் அப்படியே இருந்தது. கூடவே ‘லொடக்’ என்று ஒன்று சேர்ந்திருந்தது. அதைச் சொல்லப் போனார். ரப்பர் ஒன்றை மாற்றினார்கள். ‘க்ரீச்’ சேர்ந்தது. ஒவ்வொரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதும் ஒரு சத்தம் கூடியது, குறையவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மறுநாள் நான்சி கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் நல்லாருக்குதுங்க என்றார். ஆனாவுக்குப் பின்னால் வந்தது எதையும் எந்தப் பொத்தானும் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று சத்தமும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கிய பிறகு பாலசுந்தரம் ஒரு முடிவுக்கு வந்தார். “சார், இது இந்த மாடலோட குணம்.”

“எங்க ஊர்ல இதே மாடல் இன்னும் ரெண்டு பேரு வச்சிருக்கறாங்க. அதுல இல்லீங்களே.”

“அதுங்க குணம் கெட்டுப்போயிருக்கும்” என்றார் பாலசுந்தரம் யோசித்து. “எதுக்கும் நீங்க ஒரு காது டாக்டரப் பாத்துடுங்க.”

சென்றாயன் சேலத்தில் காது டாக்டரைப் பார்த்தார். அவர் குழாய் வைத்துப் பார்த்து, மணி அடித்துப் பார்த்து, இந்த வயதில் இப்படியொரு காதா என்று ஆச்சரியப்பட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

பாலசுந்தரம் படித்துவிட்டு மேசையில் தட்டினார். “பாத்தீங்களா? இதான் சார் பிரச்சனை. உங்க காது தேவைக்கு மேல வேல செய்யுது. வண்டி ஓட்டறப்ப பாட்டைச் சத்தமா வச்சுக்கங்க. கேக்காது.”

இதற்குள் சுகன்யாவுக்கு மாதம் ஏறிவிட்டது. கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்தார்கள். பெண் வீட்டார் ஏழெட்டு வகைச் சோறு ஆக்கிச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போய் விருந்து வைத்து, பிள்ளைப்பேற்றுக்கு மகளைக் கூட்டிவரும் நாள் அது. ஆராயி விடியுமுன் எழுந்து எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் கிண்டினாள். தூக்குப்போசிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு இருவரும் ஆட்டையாம்பட்டிக்குப் போனார்கள்.

தெருமுனையில் ஒரு வேகத்தடை. கிணிங், லொடக், க்ரீச். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்களே நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்கள். விசைத்தறிக்காரர்கள் சத்தத்துக்கு எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் அது எப்படிப்பட்ட சத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்து முடிந்தது. சுகன்யா பட்டுச்சேலையும் பூவுமாகக் காரில் ஏற வந்தாள். அவளுடைய மாமியார் சாலம்மாள் கையை நீட்டி மறித்துவிட்டாள்.

“சம்பந்தி, கோச்சுக்காதீங்க. இந்த வண்டில எம்பட மருமவள அனுப்ப மாட்டேனுங்க. போற வழில சக்கரம் கழண்டு ஓடுனா யாருங்க பதில் சொல்றது?”

“அதெல்லாம் கழளாதுங்க. கம்பெனில பாத்துட்டாங்க.”

“பாத்துட்டுத்தான் இப்புடிக் கத்துதுங்களா?” சாலம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “வாடகைக் கார் வச்சுக் கூட்டிட்டுப் போனாலும் தெருவுல சிரிப்பாங்க. சொந்த வண்டில கூட்டியாரேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சத்தம் நின்ன அன்னைக்கு வாங்க. நானே கொண்டாந்து ஏத்தி உடறேன்.”

சுகன்யா அப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள். காலிப் போசிகள் பின்சீட்டில் உருள, இருவரும் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் கிணிங், லொடக், க்ரீச். சென்றாயன் பாட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்துவிட்டு அணைத்தார். மகளைக் கூட்டிவர முடியாத அப்பன் என்று நாலு பேர் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வார். அவள் பேசாமல் திரும்பிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நேராகத் திவ்யசுகத்துக்குப் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். “எம்பட புள்ளயக் கூட்டியாரோணுமுங்க. எப்புடியாச்சும் நிறுத்திக் குடுங்க.”

பாலசுந்தரம் உள்ளே போனார். நெடுநேரம் கழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழோடு வந்தார். அதில், இந்த வாகனம் சத்தமற்றது என்று அங்கீகரிக்கப்பட்ட காதால் உறுதி செய்யப்படுகிறது என்று தங்க எழுத்தில் இருந்தது. “இதச் சம்பந்தி வீட்ல காட்டுங்க சார். இதுக்கு மேல யாரும் பேச முடியாது.”

சான்றிதழைப் பற்றிப் போனிலேயே கேட்டுவிட்டுச் சாலம்மாள் சொன்னாள்: “அந்தச் சட்டத்தப் பூசை ரூம்புல மாட்டுங்க சம்பந்தி. மருமவ இங்கியே இருக்கட்டும்.”

அன்று ராத்திரி சென்றாயன் சாப்பிடவில்லை. “ஒரு நாளைக்கு அந்தாள அடிச்சுப்போடுவேன்” என்றார். வாழ்நாளில் யாரையும் அடித்திராதவர்.

ஆராயி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “அடிச்சா போலீஸு. திட்டுனா அதுக்கும் ஒரு பொத்தான் வச்சிருப்பானுங்க. மரியாதையாவே பண்ணுங்க. மரியாதைய அவனுகளால தாங்க முடியாது.”

அதன் அர்த்தம் அவருக்கு உடனே புரியவில்லை. வாய்ப்பு அவர்களிடமிருந்தே வந்தது. நான்சி கூப்பிட்டாள். மையத்துக்கு ‘மௌன விருது’ கிடைத்திருக்கிறதாம். மண்டல இயக்குநர் மோகன்குமார் நேரில் வந்து கொடுக்கிறாராம். மண்டலத்திலேயே அதிகப் பத்துகள் கொடுத்த வாடிக்கையாளர் சென்றாயன்தானாம். ஆகவே அவர் மேடையேறி இரண்டு நல்ல வார்த்தை பேச வேண்டும்.

“வாரேனுங்க சாமி” என்றார் சென்றாயன். போனை வைத்துவிட்டு ஆராயியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள், மற்ற வாடிக்கையாளர்கள், உள்ளூர்ச் சேனலின் கேமராக்காரர் என்று நல்ல கூட்டம். மோகன்குமார் பளபளவென்று ஒரு பெரிய கறுப்புக் காரில் வந்து இறங்கினார். அது வந்ததே யாருக்கும் கேட்கவில்லை. அப்படியொரு வண்டி. மேடையில் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, சத்தம் என்பது என்ன? அது ஓர் எண்ணம். புகார் வந்தால் வண்டியைச் சரிசெய்வது பழைய முறை. புகாரைச் சரிசெய்வது நம் முறை. வண்டியில் ஆயிரம் உதிரி உண்டு; புகாரில் ஒன்றுதான். எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள். இன்று இந்த மையத்தில் நிலுவையில் ஒரு சத்தம்கூட இல்லை. ஏன்? பாலசுந்தரத்தின் காது அப்படி. அது நிறுவனத்துக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்கும். நான் ஒன்று சொல்கிறேன். என் வண்டியும் உங்கள் வண்டியும் எனக்கு வேறு வேறு அல்ல. எந்த வாடிக்கையாளரோடும் என் வண்டியை மாற்றிக்கொள்ளத் தயார். ஒரு மாதம் ஓட்டத் தயார்!”

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். இப்படி வருமென்று சென்றாயனே எதிர்பார்க்கவில்லை. விருந்துக்கு அழைப்பதற்காக ஆராயி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் எடுத்து வந்திருந்தாள். அதை அவர் வாங்கி, மடியிலிருந்த கார்ச் சாவியைப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மேடையேறினார்.

“எல்லாத்துக்கும் வணக்கமுங்க. இங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க. அதுல ஒரு கொறையும் இல்லீங்க. ஐயா வண்டிய மாத்திக்கறேன்னு சொன்னது எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க. நாங்க தாம்பூலம் குடுத்தா அது வாக்கு மாதிரிங்க. ஐயா ரெண்டு கையாலயும் வாங்கிக்கோணும். இன்னைக்கு மத்தியானம் எங்க ஊட்டுலதான் விருந்து. எம்பட வண்டிலயே கூட்டிட்டுப் போறனுங்க.”

கேமராக்காரர் கிட்டே வந்தார். கூட்டம் மறுபடி கை தட்டியது. தாம்பாளத்தை வாங்க மறுத்தால் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மோகன்குமார் சிரித்தபடி இரண்டு கையாலும் வாங்கினார். போட்டோவுக்காகத் தன் சாவியையும் எடுத்துச் சென்றாயன் கையில் வைத்தார். பாலசுந்தரம் மட்டும் கை தட்டவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

தாம்பாளத்துச் சாவியைக் கேட்டு வாங்கி, சென்றாயன் தன் காரை ஓட்டினார். பக்கத்தில் மோகன்குமார், பின்னால் பாலசுந்தரம். கறுப்புக் காரை இயக்குநரின் டிரைவர் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் ஓட்டிவர, ஆராயி அதில் தனியாக உட்கார்ந்து வந்தாள். அதிலிருந்த ஏசியை அவள் குறைக்கச் சொல்லவில்லை.

முதல் வேகத்தடையைச் சென்றாயன் நிதானமாக ஏறி இறங்கினார். கிணிங், லொடக், க்ரீச்.

“என்னய்யா அது?” என்றார் மோகன்குமார்.

“எது சார்?” என்றார் பாலசுந்தரம்.

“சத்தம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல சார்.”

“அவருக்குக் கேக்காட்டி இல்லீங்கய்யா” என்றார் சென்றாயன். “அங்கீகரிச்ச காதுங்க அது. எனக்கும் மொதல்ல கேட்டுச்சுங்க. அப்பறம் எம்பட காதுதான் அதிகமா வேல செய்யுதுன்னு சார் சொன்னாருங்க.”

சேலத்தைத் தாண்டியதும் சென்றாயன் எந்தப் பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. வழக்கமாக ஒதுங்கிப் போகிற குழிகளிலெல்லாம் தேடிப் போய் இறக்கினார். ரோடு போடுகிறவர்கள் மேல் அன்றைக்கு முதன்முதலாக அவருக்கு நன்றி பிறந்தது. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் கச்சேரி நடந்தது. மோகன்குமாரின் தோள் ஒவ்வொரு தடவையும் காதுக்கு ஏறி இறங்கியது.

“பாலசுந்தரம், மரியாதையா உண்மையச் சொல்லு.”

“சார்… இது இந்த மாடலோட குணம் சார்.”

“எனக்கே சொல்றியா அதை?”

“பாட்டு வைக்கட்டுங்களாய்யா?” என்று கேட்டார் சென்றாயன் பணிவாக. “சத்தமா வச்சாக் கேக்காதுங்க. சார்தான் சொல்லிக் குடுத்தாரு. சேலத்துல நல்ல காது டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. வேணுமின்னா திரும்பிப் போகலாமுங்க.”

மோகன்குமார் திரும்பிப் பின்சீட்டை முறைத்தார். பாலசுந்தரம் வில்லை குத்திய பையைக் கையால் மூடிக்கொண்டார்.

ஊருக்குப் போகும் வழியில்தான் சம்பந்தி வீடு. ஆட்டையாம்பட்டித் தெருமுனை வேகத்தடையில் கார் ஏறியபோதே சாலம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். “இன்னும் நிக்கலீங்களே சம்பந்தி.”

“நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்க. இவருதான் கம்பெனிக்கே பெரியவரு. அவரையே கேளுங்க.”

சாலம்மாள் மோகன்குமாரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனுங்க, இதுல சத்தம் இருக்குதுங்களா, இல்லீங்களா?”

தெருவே கூடியிருந்தது. இரண்டு மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாலசுந்தரம் குனிந்து இயக்குநரின் காதோரம், “இருக்குன்னு சொன்னா விருது போயிரும் சார்” என்றார்.

மோகன்குமார் தொண்டையைக் கனைத்தார். “ஒரு சத்தமும் இல்லைங்கம்மா. நான் உத்தரவாதம்.”

“அப்புடீங்களா? ரொம்ப நல்லதுங்க” என்றாள் சாலம்மாள். “அப்ப இதுல நீங்களே போங்க. எம்பட மருமவ பின்னால சத்தமில்லாம நிக்குதே, அந்தக் கறுப்பு வண்டில வரட்டும்.”

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு இயக்குநரின் சாவியைக் காட்டினார். “அது இப்ப எம்பட வண்டிதானுங்க சம்பந்தி. தாம்பூலத்தோட மாத்திக்கிட்டோம்.”

சாலம்மாள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். தன் கையாலேயே மருமகளைக் கூட்டிவந்து கறுப்புக் காரில் ஏற்றிவிட்டாள். சுகன்யா அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தப் போன அப்பாவின் கையை எட்டிப் பிடித்து, “அப்பா” என்றாள். அவ்வளவுதான். சென்றாயனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடு திரும்பி, “ஏறுங்கய்யா, இனிமேத்தான் ரோடு மோசம்” என்றார்.

வீட்டில் நாட்டுக்கோழி விருந்து. மோகன்குமாரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எதிரே இருந்ததை மட்டும் சாப்பிட்டார். கை கழுவியதும், “நான் கிளம்பறேன். என் வண்டி…” என்று இழுத்தார்.

“மாசம் ஒண்ணுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. டிவில கூட வருமுங்க” என்றார் சென்றாயன். “புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சுங்க. எந்நேரமும் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். குலுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருங்க. உங்களுக்குத்தான் சத்தமே இல்லாத வண்டி இருக்குதுங்களே. சட்டம் போட்டுச் சான்றிதழும் வச்சிருக்கறேன். மறந்துராம எடுத்துட்டுப் போங்க.”

சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு மோகன்குமார் ஏறினார். பாலசுந்தரம் ஓட்டினார். அந்தக் கார் மல்லசமுத்திரம் ரோட்டை அடைந்து வெகுதூரம் போகிறவரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்றாயன் வாசலில் நின்று கடைசிவரை கேட்டார். அவருடைய காதுதான் தேவைக்கு மேல் நல்ல காதாயிற்றே.

மறுநாள் மோகன்குமார் திவ்யசுகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “சத்தம்” என்றார்.

“எந்த மாதிரி சார்? டொக், கிரீச், உய், கர்” என்று நான்சி கேட்டாள். இடதா வலதா என்று கேட்டாள். அங்கீகரிக்கப்பட்ட காது செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றாள். அது பக்கத்திலேயேதான் நின்றது. ஆனால் அன்றைக்குப் புதன்கிழமை. அந்த விதியை மோகன்குமார்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

மோகன்குமார் கத்திய கத்தலில் வெளியே பெட்டிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மையத்தின் அத்தனை ஆட்களும் காரைத் தூக்கி நிறுத்தி முன்பக்கத்தைப் பிரித்தார்கள். அத்தனை மாதம் ஆகியும் கிடைக்காத சத்தம், இயக்குநரின் காதில் விழுந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்துவிட்டது. லொடக்கும் க்ரீச்சும் அவர்களே கழற்றிவிட்டு இறுக்க மறந்தவை. கிணிங் மட்டும் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் இருந்தது. ஒரு நாணயம். அதன் மேல் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த போட்டோவை எல்லாரும் பார்த்தார்கள். அதில் பாலசுந்தரம் பூசணிக்காயை ஓங்கிக்கொண்டிருந்தார்.

சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கறுப்புக் காரில் கூட்டிவந்தார்கள். வேகத்தடைகளில்கூடக் குழந்தை கண் திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது நான்சியின் போன் வந்தது.

“வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?”

“நல்லாருக்கறமுங்க சாமி. பேத்தி பொறந்திருக்கறா.”

“ரொம்பச் சந்தோசம் சார். உங்க வண்டி ரெடி. சத்தம் நின்னுருச்சு. பெரிய சார் அவர் வண்டியத் திருப்பிக் கேக்கறார்.”

“மாசம் முடியட்டுங்க சாமி. வாக்குங்கறது வாக்குதானுங்களே.”

நான்சி சற்றுத் தயங்கினாள். “சரி சார். சேவைக்கு மார்க் போடணும். பத்துக்கு எத்தனை சார்?” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பாலசுந்தரம் சார் பக்கத்துலயே நிக்கறார். இந்தத் தடவையும் பத்து வேணுமாம். இல்லாட்டி வில்லையப் புடுங்கிருவாங்களாம்.”

சென்றாயன் அவசரப்படவில்லை. குழந்தையை ஆராயியின் கையில் கொடுத்தார். சுகன்யா மெல்லப் படியேறுவதைப் பார்த்தார்.

“அவரையும் கேட்டேன்னு சொல்லுங்க சாமி. நல்லாருக்காருங்களா?”

“நல்லா இருக்கேங்கறார் சார்.”

“சந்தோசமுங்க. முட்டை போடுங்க.”

எதிர்முனையில் ஒரு பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு நான்சியின் குரல் வந்தது. அத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி அவர் கேட்டதில்லை.

“அழுத்திட்டேன் சார்.”